பதினொரு சுற்று

மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அந்தப் பூட்டு கையில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. சாவி நுழைகிற ஓட்டையில் என்றைக்கோ வைத்த ஆயுத பூஜைக் குங்குமம் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. பக்கத்து மேசை கிளார்க் ஜெயந்தி எட்டிப் பார்த்து, "எந்த பீரோவோட பூட்டு மேடம்? ஸ்டாக்ல ஏத்தணுமா?" என்றாள். "ஸ்டாக்ல வராது, இது என்னோடது" என்று சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பொய்தான். அது உன்னுடையது.

நாளை மறுநாள் மாதக் கடைசி. எனக்கு ஓய்வு. நீ இருந்திருந்தால் இருவரும் ஒரே வருஷம் வெளியே வந்திருப்போம். சால்வை வாங்கிக்கொள்ள நீ மேடையேறியிருப்பாயா என்பது சந்தேகம்தான். போன மழைக்காலத்தில், வேலையில் இருக்கும்போதே, நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாய். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் இப்போது இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். திட்டாதே.

தி.நகரை ஒட்டிய அந்தக் குடிநீர் பம்ப் ஹவுஸுக்கு நான் வந்தபோது எனக்கு உதவிப் பொறியாளராகப் பதவி உயர்வு கிடைத்த புதிது. நீ வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே ஆபரேட்டராக இருந்த உன் புருஷன் திடீரென்று இறந்துபோனதால், கருணை அடிப்படையில் உனக்கு அதே வேலை. நமக்கு ஒரே வயது. அந்த இடத்தில் பெண்கள் நாம் இருவர்தான். வழி தவறி வந்த விருந்தாளிகளை நடத்துவது போலத்தான் நம்மை நடத்தினார்கள். நாற்காலி கொடுப்பார்கள், எதையும் தொடவிடமாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது, போகிற ஆபரேட்டர் வருகிறவரைப் பார்த்து "பதினொண்ணு" என்பார். வருகிறவர் திருப்பி "பதினொண்ணு" என்பார். லாக் புக்கிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பெரிய பம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகிற குழாயில் ஒரு வால்வு உண்டல்லவா, அதை முழுதாகத் திறக்க அதன் வீலை இருபத்து நாலு சுற்று சுற்ற வேண்டும். அது பதினொன்றிலேயே நின்றது. வீலில் சங்கிலி, சங்கிலியில் இந்தப் பூட்டு. ஆயுத பூஜை அன்று மோட்டாருக்குக் காட்டும் முன்பே அந்தப் பூட்டுக்குத்தான் கற்பூரம் காட்டினார்கள்.

நீ மட்டும் திருப்பிச் சொல்லமாட்டாய். நான் அங்கே வந்த முதல் வாரம், ஒரு மதியம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஷிஃப்ட் முடித்த கன்னியப்பன் உன்னிடம் வந்து "பதினொண்ணு" என்றார்.

"இன்னாத்துக்கு?" என்றாய் நீ.

"இன்னாத்துக்குனா? பதினொண்ணுன்னா பதினொண்ணுதாம்மா. நீயும் சொல்லு, நான் வூட்டுக்குப் போணும்."

"காரணத்த சொல்லு, நானும் சொல்றேன்."

"உங்க வூட்டுக்காரரு இத்தினி வருஷம் சொல்லிக்கினுதான் இருந்தாரு."

"அவரு எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு இருந்தாரு. நான் ஆட்ட மாட்டேன்."

கன்னியப்பன் அன்றைக்குத் தன் பஸ்ஸை விட்டார். நான் சிரித்துவிட்டேன். நீ அப்படியே என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மேடம். இன்னாத்துக்குப் பதினொண்ணு?" என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. படித்தவள் என்ற பேர் வேறு. முகம் சுண்டிப் போய் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன்.

இரண்டு நாள் தூசி தின்று பழைய ஃபைல் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எந்தக் காலத்திலோ கடைத்தெரு ஒன்றின் அடியில் ஓடிய பழைய குழாய் வெடித்திருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்க அப்போதிருந்த அதிகாரி, 'மறு உத்தரவு வரும்வரை வால்வு பதினொரு சுற்றில் இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார். பிறகு அந்தத் தெருவில் புதுக் குழாயே போட்டுவிட்டார்கள். மறு உத்தரவு மட்டும் வரவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்று, இறந்தும் போயிருந்தார். உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது உனக்கு. அந்தக் கோபம்தான் எனக்கு உன்னிடம் பிடித்தது.

என் கையை இழுத்து அந்த வால்வின் மேல் வைத்தாய். உள்ளே யாரோ உதறுவது போல அது அதிர்ந்துகொண்டிருந்தது. வால்வுக்கு முன்னால் தண்ணீரின் அழுத்தம் காட்டும் ஒரு பிரஷர் கேஜ், தாண்டி இன்னொன்று. ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டாவதை நீயே தேடி எடுத்து, ஃபிட்டரை நச்சரித்து மாட்டியிருந்தாய். முதல் முள் மேலே நின்றது, அடுத்தது பாதியில் தொங்கியது.

"இங்க இவ்ளோ கீது, அங்க அவ்ளோதான் கீது. நடுவுல எவன் துன்றான் மேடம்?"

வால்வுதான் தின்றது. மோட்டார் மின்சாரத்தைக் குடித்து முழுப் பலத்தோடு தள்ளுகிறது. தள்ளியதில் ஒரு பெரிய பங்கைப் பாதி மூடிய கதவு வாங்கி, சத்தமாகவும் அதிர்வாகவும் வீணடிக்கிறது. நான் நாலு வருஷம் காலேஜில் படித்ததை நீ ஒரே வரியில் சொன்னாய்: "அடுப்ப முழுசா எரியவுட்டு, பால் பொங்குதுன்னு பச்சத்தண்ணி தெளிச்சுக்கினே கீறோம்." மாதாமாதம் மின்கட்டணம் ஏறுகிறதென்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும். நம் அதிகாரி வெயில் மேல் பழி போடுவார், மின்வாரியத்தின் மேல் பழி போடுவார், இன்னும் பெரிய மோட்டார் வேண்டும் என்று பதில் போடுவார். நாம் இருவரும் போய்ச் சொன்னபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடற பம்ப்ல கை வெக்காதீங்கம்மா. தண்ணி வருதா? வருது. அப்புறம் என்ன?" என்றார்.

லாக் ஷீட்டின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டேன். நீ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்காமல், என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"முழுசா தொறக்கலாமா?"

"தொறக்கலாம். காலையில சப்ளை ஆரம்பிக்கறப்பவே தொறந்துட்டா நல்லது."

இதைச் சொன்னது நான். எத்தனையோ ராத்திரி இதை மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன், நீயே தீர்மானித்தது போல, நான் தயங்கியது போல. அப்படி நடக்கவில்லை. நான் தயங்கவே இல்லை. தலைகனத்தோடு சொன்னேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் உன்னுடையது. ஆறு மணிக்குப் பூட்டைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி, ஒவ்வொரு சுற்றாகத் திறந்திருக்கிறாய். முழுதாகத் திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மோட்டார் சூடேறி, டிரிப் ஆகித் தானாக நின்றுவிட்டது. மறுபடி போட்டாய், மறுபடி டிரிப். மூன்றாவது முறை ஸ்டார்ட்டரே கருகிவிட்டது. மாற்று பம்ப் பழுது பார்க்கப் பிரித்துக் கிடந்தது. அன்றைக்குப் பார்த்து முகூர்த்த நாள். தி.நகர் கல்யாண மண்டபங்கள் எல்லாம் லாரித் தண்ணீருக்கு ஆள் விட்டன. எனக்கு விஷயம் தெரிந்ததே என் அம்மா மயிலாப்பூரிலிருந்து போன் செய்தபோதுதான். "கார்த்தாலேருந்து கொழாயில ஒரு சொட்டு ஜலம் இல்லடி. உங்க ஆபீஸ்ல என்னதான் பண்ணிண்டிருக்கா?"

நான் கணக்கில் எதை விட்டேன் தெரியுமா? வால்வு தின்பதை மட்டும் பார்த்தேன். அந்தத் தடை போனால் பம்ப் கட்டவிழ்ந்து தேவைக்கு மேல் தண்ணீரை வாரி இறைக்கும், மோட்டாரால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பதைப் பார்க்கவில்லை. பிரேக்கை எடுத்தால் வண்டி பறக்கும். ஸ்கூட்டி ஓட்டுகிற எனக்கு அது தோன்றவில்லை.

விசாரணை என்று அதிகாரியின் அறைக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் நான் கைகட்டி நின்றேன். அவர் அன்பாகத்தான் பேசினார். வேண்டுமென்றே திறந்தாய் என்றால், இத்தனை வருஷம் ஏன் பாதி மூடியிருந்தது என்ற கேள்வி அவரிடமே வந்து நிற்கும். அது அவருக்குத் தெரியும்.

"தெரியாம கை பட்டுடுச்சுன்னு எழுதிக் குடுத்துடும்மா. சின்ன தண்டனையோட போயிடும். கவனக்குறைவு, அவ்வளவுதான்."

"பதிமூணு சுத்து சார்," என்றாய் நீ. "பூட்டத் தொறந்து, சங்கிலிய அவுத்து, பதிமூணு சுத்து. தெரியாம கை பட்டா அத்தினி சுத்து சுத்துமா?"

"யார் சொல்லித் தொறந்தே?"

"நானேதான்."

"அப்ப கவனக்குறைவுதானே?"

"இல்ல சார். கவனமாத்தான் தொறந்தேன். அப்டியே எழுதிக்கோ."

அவர் எழுதவில்லை. நீயே காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, கோணல் எழுத்தில், 'நான் கவனமாகத்தான் திறந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.  திறக்கச் சொன்னவள் நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வெளியே டீக்கடையில் உன் பக்கத்தில் வந்து நின்றேன். நீதான் பேசினாய்.

"நீ வாயத் தொறக்காத மேடம். உன்னயும் தூக்கிட்டானுங்கன்னா அந்த வீல எவ தொறப்பா? கணக்கு எங்க தப்புச்சுன்னு பாரு. போ."

கட்டளை உன்னுடையது. ஆனால் அது என் பயத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! பதவி உயர்வு போய்விடும் என்று பயந்தேன். அதனால் நீ சொன்னதை நல்ல பிள்ளையாகக் கேட்டேன். உன்னை வடபழனிப் பக்கம் ஒரு கழிவுநீர் பம்ப் ஹவுஸுக்கு மாற்றினார்கள். வால்வு மறுபடி பதினொன்றுக்குப் போனது. பூட்டும் திரும்பி வந்தது.

நீ சொன்ன இன்னொரு வேலையையும் செய்தேன் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே சமாதானம். கணக்கை முதலிலிருந்து போட்டேன். பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் இந்தக் குழாய்க்குத் தேவைக்கு மேல் பெரியது. அதைக் கழற்றி லேத்தில் கொடுத்து விளிம்பைக் கொஞ்சம் கடைந்து சின்னதாக்கினால் போதும், வால்வை முழுக்கத் திறந்தாலும் மோட்டாருக்கு நோகாது. அந்தப் பெரிய பம்ப் பழுதுக்குப் பிரிக்கப்பட்ட அன்று, வேலை உத்தரவில் அதையும் சேர்த்து எழுதினேன். அதற்குள் அதிகாரி மாறியிருந்தார். புதியவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற நல்லவர். கிண்டிப் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்திலேயே நின்று கடைய வைத்தேன். புடவையெல்லாம் இரும்புத் தூள்.

உன் வாராந்தர விடுமுறை நாளில் நீ வந்தாய். அதற்குள் அடையாற்றங்கரையில் இருந்த உங்கள் வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாய். பூட்டைத் திறந்து நீதான் சுற்றினாய், பன்னிரண்டு, பதிமூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டு. மோட்டார் இழுக்கிற மின்சாரத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.  இருபதைத் தாண்டும்போது வால்வின் உதறல் நின்றது. இருபத்து நாலில் நீ கையை எடுத்தாய். மீட்டர் முள் பழைய இடத்துக்கு ஒரு விரல்கிடை கீழேயே நின்றது. தெருக்களுக்குப் போகிற தண்ணீரில் குறைவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம், முள் ஏறவே இல்லை.

"துன்னவன் ஓடிட்டான் மேடம்," என்றாய்.

கன்னியப்பன் ஷிஃப்டுக்கு வந்தார். வீலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். நீ அவரிடம் போய் "இருபத்து நாலு" என்றாய். அவர் தலையைச் சொறிந்துவிட்டு "இருபத்து நாலு" என்றார். ஷிஃப்ட் மாறும்போது உன் வாயிலிருந்து ஓர் எண் வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். போகும்போது பூட்டை என் கையில் அழுத்தினாய். "நீ வச்சிக்கோ. இங்கயே கடந்தா திரும்பவும் எவனாச்சும் போட்டுருவான்."

அதற்கப்புறம் அந்த வால்வு மூடப்படவில்லை. மின்கட்டணம் குறைந்தது, அதற்கு ஒரு கேடயம்கூட வந்தது. 'ஓடற பம்ப்ல கை வெக்காதீங்க' என்ற அதே அதிகாரி, அதற்குள் இன்னும் பெரிய பதவியில், அதைக் கையில் ஏந்திச் சிரிக்கிற போட்டோ ஆபீஸ் ஹாலில் மாட்டியிருக்கிறது. நான் உனக்குக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? "சட்ட நல்லாக்கீது" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

உன்னைக் கடைசிவரை பழைய இடத்துக்கு மாற்றவில்லை. உன் புது வீட்டுக்கு நான் வந்த அன்று தண்ணீர் லாரி வந்திருந்தது. ஊர்க் குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் தள்ளியவள் மூன்று மாடிக்குக் குடம் சுமந்துகொண்டிருந்தாய். கட்டடத்து மோட்டார் ஓடவில்லை, பார்க்க ஓர் அதிகாரி வந்திருந்தார், கீழேயே நின்று பேசிவிட்டுப் போகப் பார்த்தார். நீ ஒரு குடத்தை அவர் காலடியில் வைத்தாய். "ஒரே ஒரு கொடம் சார். மேல தூக்கினு வாங்க, அப்புறம் பேசலாம்." அவர் தூக்கவில்லைதான். ஆனால் மறுநாளே மோட்டாருக்கு ஆள் வந்தது என்று பிறகு போனில் சொல்லிச் சிரித்தாய்.

இனி நீ அறியாத விஷயம். நீ போன பிறகு உன் மகள் காகிதங்கள் வாங்க ஆபீஸுக்கு வந்தாள். உன் முகவாய், உன் நடை. பணிப்பதிவேட்டின் நகலைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். 'கவனக்குறைவு காரணமாகக் குடிநீர் விநியோகம் தடைபடச் செய்தமைக்காகத் தண்டனை' என்று அங்கே இருந்தது. நீ எழுதிய வரியை அவர்கள் எங்கேயும் சேர்க்கவில்லை.

"எங்கம்மா அப்படிக் கவனம் இல்லாம வேல செய்யறவங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி அவமானமாக இருந்ததில்லை. அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "இத ஆபீஸ்ல சொல்லுங்க," என்றாள். உன் பெண்தான்.

இந்த வாரம் சொன்னேன். ஒன்றரைப் பக்கம், என் கையெழுத்தில். அன்றைக்குக் கணக்குப் போட்டவள் நான், திறக்கச் சொன்னவள் நான், தவறு என் கணக்கில், பிறகு மின்சாரம் மிச்சமானதற்குக் காரணமான கேள்வியைக் கேட்டவர் அந்த ஆபரேட்டர், எனவே பதிவேட்டில் உள்ள 'கவனக்குறைவு' என்ற சொல்லை நீக்க வேண்டும். இப்போதைய அதிகாரி நாகராஜன் நல்ல மனிதர். இன்று மதியம் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார்.

"மேடம், நாளை மறுநாள் உங்களுக்கு ரிட்டயர்மென்ட். இதை மேல அனுப்பினா உங்க மேல என்கொயரி வரலாம். கடைசி நாள்ல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னா பென்ஷன் வருஷக்கணக்கா நிக்கும். இறந்துபோனவங்களுக்கு இனிமே ரெஜிஸ்டர்ல என்ன இருந்தா என்ன? திரும்ப வாங்கிக்கோங்க. கவனக்குறைவா எழுதிட்டேன்னு ஒரு வரி போதும்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

"இல்ல சார்," என்றேன். "கவனமாத்தான் எழுதினேன். அனுப்புங்க."

என் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

நாளை மறுநாள் எனக்கு மாலை போடுவார்களா, உத்தரவைக் கையில் கொடுப்பார்களா, தெரியாது. எதுவானாலும் வாங்கிக்கொள்வேன். அதற்கு முன், நாளைக் காலை அந்த பம்ப் ஹவுஸுக்குப் போகப்போகிறேன். அங்கே இப்போது இருப்பவர்கள் எல்லோரும் புது ஆட்கள். ஷிஃப்ட் மாறும்போது இன்றைக்கும் ஒருவர் "இருபத்து நாலு" என்கிறார், மற்றவர் "இருபத்து நாலு" என்று திருப்பிச் சொல்கிறார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. உன் பூட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நிற்பேன். ஷிஃப்ட் முடித்துப் போகிறவர் எண்ணைச் சொன்னதும், மயிலாப்பூர் மாமி வாயில் இது என்ன பேச்சு என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, சத்தமாகக் கேட்பேன்.

"இன்னாத்துக்கு?"